பாலோடு சேர்ந்து வருவது

பாத்திரம் வேறு, அதில் ஊற்றப்படும் பொருள் வேறு, இரண்டுக்கும் இடையில் எதுவும் நடப்பதில்லை என்று நினைப்பவர்கள் சமைக்காதவர்கள். சமைப்பவளுக்கு அப்படி இல்லை என்று தெரியும். புளிக்குழம்பைப் பித்தளையில் வைத்தால் களிம்பேறும். தயிரைச் செம்பில் ஊற்றக் கூடாது. ரசத்துக்கு ஈயச்சொம்பு, அதையும் வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. வேதியியல் என்ற சொல்லே இல்லாமல் பெண்கள் கைமாற்றி வந்த வேதியியல் இது. பாத்திரமும் கொஞ்சம் கொடுக்கும், எதற்குள் எவ்வளவு கொடுக்கும் என்று அறிந்து புழங்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

விருத்தாசலத்தில் வாழ்பவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் அருகில் இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்தது இந்த ஊரின் பீங்கான் தொழில். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கே உண்டு. குழம்பாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, காய்ந்ததும் பிசிறு எடுத்து, துடைத்து, சூளைக்கு அனுப்பும் வரை பல கைகள் படுகின்றன. அவற்றில் நிறையப் பெண்களின் கைகள். நன்றாகச் சுட்ட மண் பிறகு எதையும் எளிதில் வெளிவிடாது. ஆனால் பளபளப்புக்காக மேலே பூசும் கலவையில் காரீயம் இருந்து, சூடும் போதாமல் போனால், அந்தக் கோப்பையில் ஊற்றும் புளிப்பான எதிலும் அது இறங்கும். ஒரு பொருளை அழகாக்கவோ மெதுவாக்கவோ எதைச் சேர்த்தார்கள், சேர்த்தது அங்கேயே தங்குமா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியைப் பிறந்த குழந்தையின் வாய்க்கும் மூக்குக்கும் நரம்புக்கும் போகும் பொருள்களிடம் யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை. நான் வேதியியல் படித்தவள் அல்ல, தமிழ் கற்பிப்பவள். ஆனால் இது வேதியியலின் வரலாறு மட்டும் அல்ல. யாருடைய அறிவு அறிவாக எண்ணப்பட்டது என்பதன் வரலாறும்கூட.

சங்கும் பித்தளையும்

தமிழில் பாலாடை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏடு ஒன்று; குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு மற்றொன்று. முதலில் கடற்சங்காக இருந்தது, பிறகு வெள்ளியிலும் பித்தளையிலும் எவர்சில்வரிலும் வந்தது. பெயர் மட்டும் சங்கு என்றே நின்றது. மூக்கு நீண்ட அந்தச் சிறு கிண்ணம் இன்று மருத்துவ ஏடுகளிலும் ‘பாலாடை’ என்ற தமிழ்ப் பெயரிலேயே வழங்குகிறது. சப்பிக் குடிக்க வலுவில்லாத, எடை குறைந்த குழந்தைகளுக்குப் புட்டியைவிடப் பாலாடை ஏற்றது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் 1990களில் ஆராய்ந்து எழுதினார்கள். பாட்டிகளின் கைப்பொருள் ஆய்வுக்கட்டுரைக்குள் போன அரிய தருணங்களில் அது ஒன்று.

அதற்காகப் பாட்டிகள் செய்ததெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியதும், சேனை என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்ததும் அதே சங்கால்தான். அதைவிடப் பெரிய துயரம் ஒன்று சங்கில் இல்லை, சங்குக்கு முன்னால் பால் இருந்த பாத்திரத்தில் இருந்தது.

இந்தியாவில் நூறாண்டுக்கு மேலாக ஒரு நோய் இரண்டு மூன்று வயதைத் தாண்டவிடாமல் குழந்தைகளைக் கொண்டுபோனது. வயிறு உப்பும், ஈரல் கல்லாகும், மஞ்சள் படரும், சில மாதங்களில் குழந்தை இறக்கும். 1887ல் கல்கத்தாவில் மருத்துவ உலகம் அதைப் பதிவு செய்தது. பிற்காலத்தில் ‘இந்தியக் குழந்தைப்பருவ ஈரல் சுருக்க நோய்’ என்று உலகப் பாடநூல்களில் நம் நாட்டின் பெயரோடு அது இடம்பெற்றது. தமிழ்ப் பத்திரிகைகளில் ஜம்மி லிவர் க்யூர் விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த அச்சம் நினைவிருக்கும். ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் போவதும் நடந்தது. அதனால் பரம்பரைக் கோளாறோ என்ற ஐயம் மருத்துவர்களுக்கே நெடுநாள் இருந்தது. பரம்பரை என்று மருத்துவர் சொன்னால் வீட்டில் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ‘அவள் வயிற்றில் பிறந்தது தங்காது’ என்று ஒரு வாக்கியம் போதும்.

இறந்த குழந்தைகளின் ஈரலில் செம்பு அளவுக்கு மீறி இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு 1983ல் லான்செட் இதழில் ஒரு விடை முன்வைக்கப்பட்டது. ஸ்டூவர்ட் டேனர் என்ற ஆங்கில மருத்துவரும், புனே கே.இ.எம். மருத்துவமனையின் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் அதில் சேர்ந்து எழுதியிருந்தார்கள். தாய்ப்பாலோடு சீக்கிரமே மாட்டுப்பாலோ எருமைப்பாலோ சேர்க்கப்பட்டது. அந்தப் பால் பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைக்கப்பட்டது. உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்துபோன பித்தளையிலிருந்து செம்பு பாலில் இறங்கி, பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக, வேளைக்கு வேளை, குழந்தையின் ஈரலில் சேர்ந்தது.

‘பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ’ என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவரை நாம் தொழில் அழிந்த ஏழை என்று மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய வெள்ளீயப் பூச்சு குழந்தைக்கும் செம்புக்கும் நடுவே இருந்த ஒரே திரை. பூச்சுக்குக் காசு இல்லாத மாதம், இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று தள்ளிப்போட்ட மாதம், அந்தத் திரை விலகியது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது அதன் முடிவு. பித்தளைப் பாத்திரத்தில் குழந்தைக்குப் பால் வைக்காதீர்கள் என்ற அறிவுரை புனே பகுதியில் பரவியது. ஊரெங்கும் எவர்சில்வரும் அலுமினியமும் பித்தளையின் இடத்தைப் பிடித்தன. 1990களில் நோய் கிட்டத்தட்ட மறைந்தே போனது. தாய்மார்கள் மாறவில்லை, அவர்களுடைய ரத்தம் மாறவில்லை. பாத்திரம் மாறியது. நூறாண்டுக் காலம் குடும்பத்துக்குள்ளும் கருப்பைக்குள்ளும் தேடிய காரணம் அடுப்படியில் இருந்தது.

கொலைகாரப் புட்டி

பாத்திரம் குழந்தையைக் கொன்ற கதை நமக்கு மட்டும் உரியது அல்ல. ஜெர்மனியின் பவேரியாவில் குழந்தைகளின் புதைகுழிகளில் மூக்குள்ள சிறு மண்கலங்கள் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டு பழையவையும் அவற்றில் உண்டு. அவற்றில் ஒட்டியிருந்த கொழுப்பை ஜூலி டன் என்ற ஆய்வாளர் தலைமையிலான குழு ஆராய்ந்து, அசைபோடும் விலங்குகளின் பால் என்று 2019ல் நேச்சர் இதழில் எழுதியது. மண்ணால் செய்த சங்கு என்றே அவற்றைச் சொல்லலாம். தாய்க்கு முடியாதபோது வேறொன்றை நாடுவது மனித இனத்தின் பழைய வழக்கம். அது புதுக்காலப் பெண்ணின் சோம்பல் அல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கண்ணாடிப் புட்டியும் அதிலிருந்து நீளும் ரப்பர் குழாயும் விற்பனைக்கு வந்தன. புட்டி ஒரு பக்கம் இருக்க, குழந்தை குழாயைச் சப்பிக்கொண்டு கிடக்கும். ஆலைக்குப் போகும் தாய்க்கு அது கைகொடுத்தது. ஆனால் குழாயின் உட்புறத்தைக் கழுவவே முடியாது. அங்கே பால் திரிந்து கிருமி வளர்ந்தது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்தன. மக்கள் அதற்குக் ‘கொலைகாரப் புட்டி’ என்று பெயர் வைத்தார்கள். பிரான்ஸ் 1910 ஏப்ரலில் சட்டம் போட்டுக் குழாய்ப் புட்டி விற்பனையைத் தடை செய்தது. தாய்மார்களுக்குக் கழுவக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், கழுவ முடியாத பொருளை விற்காதே என்று கடைக்காரனிடம் சொன்ன சட்டம் அது.

அதே பாரிஸில்தான் குறைமாதக் குழந்தைகளுக்கான தனிப் பராமரிப்பும் தொடங்கியது. ஸ்தெஃபான் தார்னியே 1880களில் வெப்பப் பெட்டியையும், மெல்லிய ரப்பர் குழாய் வழியே வயிற்றுக்குப் பால் செலுத்தும் முறையையும் கொண்டுவந்தார். 1893ல் பாரிஸ் மகப்பேறு மருத்துவமனையில் நலிந்த குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உருவானதற்குத் தலைமை மருத்துவச்சியாக இருந்த மதாம் ஹென்றியின் உழைப்பு காரணம். பின்னால் பொறுப்பேற்ற பியேர் புதேன் பெயரை மருத்துவ வரலாறு விரிவாகப் பேசும்; மருத்துவச்சிக்கு ஓரிரு வரிதான். நம் மருத்துவமனைகளில் ‘ரைல்ஸ் டியூப்’ என்று வழங்கும் குழாயின் பெயர்கூட 1921ல் அதை அறிமுகப்படுத்திய ஜான் ரைல் என்ற மருத்துவருடையது. அதை மூக்கில் பொருத்தி, இடம் சரிதானா என்று பார்த்து, சொட்டுச் சொட்டாகப் பால் விட்ட செவிலியர் பெயரில் எந்தக் குழாயும் இல்லை.

மெதுவாக்கியது எது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரப்பரின் இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்தது. 1950 வாக்கில் பாஸ்டனில் கார்ல் வால்டரும் வில்லியம் மர்ஃபியும் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் ரத்தப் பையை உருவாக்கினார்கள். உடையாது, கொதிக்கவைத்துத் திரும்பப் பயன்படுத்தத் தேவையில்லை, மலிவு. இந்தியாவில் 1980களில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ரத்தப் பைத் தொழில்நுட்பத்தை இங்கேயே உருவாக்கியது. இறக்குமதிக்குக் காசில்லாத அரசு மருத்துவமனைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை மறக்கக் கூடாது.

பைக்கும் குழாய்க்கும் பயன்பட்டது பிவிசி. வீட்டில் தண்ணீர் வரும் அதே பிவிசிதான். அது இயல்பில் விறைப்பானது. வளைய வேண்டுமானால் நெகிழ்வூட்டி ஒன்றைச் சேர்க்க வேண்டும். மருத்துவக் குழாய்களில் பெரும்பாலும் சேர்த்தது தாலேட் வகையைச் சேர்ந்த டிஇஎச்பி என்ற எண்ணெய் போன்ற திரவம். மென்மையான பிவிசியின் எடையில் 20 முதல் 40 விழுக்காடு வரை அது இருக்கலாம். பிளாஸ்டிக்கோடு அது வேதிப்பிணைப்பால் கட்டுண்டது அல்ல. பஞ்சில் எண்ணெய்போல இடையிடையே தங்கியிருக்கிறது. கொழுப்புள்ள எதுவும் தொட்டால் அதனோடு போய்விடும். ரத்தத்தில் கொழுப்பு உண்டு, பாலில் உண்டு, வாயால் குடிக்க முடியாத குழந்தைக்கு நரம்பில் ஏற்றும் ஊட்டத் திரவத்தில் நிறையவே உண்டு. சூடும், தொட்டிருக்கும் நேரமும் கூடக் கூடக் கசிவும் கூடும்.

1970ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஜேகர், ராபர்ட் ரூபின் என்ற இருவர் எலியின் ஈரலில் பிளாஸ்டிக் குழாய் வழியாக ரத்தம் செலுத்தி ஆராய்ந்தபோது எதிர்பாராத பொருள் ஒன்று தென்பட்டது. அது குழாயிலிருந்தே வந்தது. ரத்தப் பையில் இருந்த ரத்தத்திலும், அது ஏற்றப்பட்ட நோயாளிகளின் உடலிலும் அந்தப் பொருள் இருந்தது.

ஆராய்ச்சிக்கூடம் 1970ல் கண்டதை வார்டில் இருந்தவர்களும் வேறு வழியில் அறிந்திருந்தார்கள். பிவிசி குழாயைக் குழந்தையின் வயிற்றில் சில நாள் விட்டுவைத்தால் அது விறைத்துவிடும். எடுக்கும்போது கைக்குத் தெரியும். அதனால்தான் அதை அடிக்கடி மாற்றச் சொல்கிறார்கள். மெதுவாகப் போன குழாய் விறைத்துத் திரும்பினால், மெதுவாக்கிய பொருள் எங்கே போனது? செவிலியரின் கையில் அந்தக் கேள்வி இருந்தது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் படிவம்தான் இல்லை.

பெரியவர்களின் உடலில் டிஇஎச்பி உடைந்து சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. குறைமாதக் குழந்தையின் நிலை வேறு. 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தால் சப்புவதையும் விழுங்குவதையும் இணைத்துச் செய்ய இயலாது, எனவே குழாய். மூச்சுக்கு ஒரு குழாய், சொட்டு மருந்துக்கு ஒன்று, மஞ்சள் காமாலை முற்றினால் ரத்தம் மாற்றம். ஒரு கிலோ எடையுள்ள உடலில், ஈரலும் சிறுநீரகமும் முதிராத நிலையில், இத்தனையும் ஒரே வாரத்தில். 2005ல் பாஸ்டனின் இரண்டு மருத்துவமனைகளில் 54 பச்சிளங்குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். டிஇஎச்பி உள்ள பொருள்கள் அதிகம் பயன்பட்ட குழந்தைகளிடம், குறைவாகப் பயன்பட்டவர்களைவிட அதன் சிதைபொருள் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. 2014ல் எரிக் மாலோ, மேரி ஃபாக்ஸ் இருவரும் கணக்கிட்டபோது, மிகவும் நலிந்த குறைமாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 16 மில்லிகிராம் வரை போகக்கூடும் என்று வந்தது. பாதுகாப்பானது என்று கருதும் அளவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அது.

இதனால் என்ன ஆகும்? விலங்குகளில், குறிப்பாக ஆண் குட்டிகளின் விரை வளர்ச்சியில் டிஇஎச்பி செய்யும் கேடு தெளிவாக நிறுவப்பட்டிருக்கிறது. மனிதக் குழந்தைகளில் இவ்வளவு பட்டால் இவ்வளவு கேடு என்று அறுதியிட்டுக் கூறும் நிலை இல்லை. காரணம் எளியது: பிழைப்பதே பெரும்பாடாக இருந்த குழந்தைக்குப் பின்னாளில் வரும் குறையைக் குறைமாதத்திலிருந்தும் குழாயிலிருந்தும் பிரித்தெடுப்பது கடினம். எனினும் அமெரிக்க அரசின் நச்சியல் நிபுணர் குழு 2000த்திலேயே நலிந்த ஆண் குழந்தைகளைப் பற்றிய தன் கவலையை மிக உயர்ந்த படியில் வைத்தது.

2002 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவமனைகளுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. ஆண் பச்சிளங்குழந்தைகள், ஆண் கருவைச் சுமக்கும் பெண்கள், பருவமெய்தும் நிலையில் உள்ள சிறுவர்கள் ஆகியோருக்கு மாற்றுப் பொருள்களைக் கருதுங்கள் என்றது. இந்தப் பட்டியலைப் பெண்ணாக வாசித்துப் பாருங்கள். பெண் அதில் இருக்கிறாள், ஆனால் ஆணைச் சுமப்பவளாக இருக்கிறாள். ஆய்வுச் சான்று ஆணுடலில் வலுவாக இருந்தது என்பது உண்மைதான். எந்த உடலில் முதலில் தேடினோம் என்பதைப் பொறுத்தும் சான்று அமையும் என்பதும் உண்மை.

பொம்மைக்கு உண்டு, குழாய்க்கு?

பிரான்ஸ் 2012ல் இயற்றிய சட்டத்தின்படி 2015 ஜூலை 1 முதல் பச்சிளங்குழந்தை, குழந்தை, மகப்பேறு வார்டுகளில் டிஇஎச்பி உள்ள குழாய்களைத் தடை செய்தது. குழாய்ப் புட்டியைத் தடை செய்த 105 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு குழாய். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017ஆம் ஆண்டு விதி, உடலுக்குள் போகும் இத்தகைய கருவியில் இப்படிப்பட்ட பொருள் எடையில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஏன் தேவை என்று உற்பத்தியாளர் காரணம் காட்டவும், லேபிளில் குறிக்கவும் சொல்கிறது. கலிபோர்னியா 2024ல் சட்டம் போட்டு, நரம்பில் ஏற்றும் திரவப் பைகளுக்கு 2030, குழாய்களுக்கு 2035 என்று கெடு வைத்திருக்கிறது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரச்சான்று கட்டாயம். அந்தத் தரத்தில் தாலேட்டுகளுக்கு வரம்பு உண்டு. குழந்தை வாயில் வைத்துக் கடிக்கும் பொம்மைக்கு நியாயமாகவே வந்த விதி. மருத்துவக் கருவிகளுக்கு 2017ஆம் ஆண்டு விதிகள் வந்தன; 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின்கீழ் வந்தன. ஆனால் பச்சிளங்குழந்தை வார்டுக் குழாய்களுக்குப் பிரான்ஸ் போட்டது போன்ற தடை இங்கே இல்லை. உலகில் அதிகமான குறைமாதப் பிறப்புகள் நிகழும் நாடு நம்முடையது. 2020ல் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம்.

இதைப் படிக்கும் இளம் தாய் ஒருத்தி, நாளை தன் குழந்தைக்குக் குழாய் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. குழாயால் பிழைக்கும் உயிர்கள் ஏராளம். மாற்று இல்லாத இடத்தில் சிகிச்சையைத் தவிர்ப்பதே பெரிய ஆபத்து என்று 2002ஆம் ஆண்டு அறிவிப்பும் சொன்னது. ரத்தப் பையில் டிஇஎச்பி சிவப்பணுக்களின் உறையைக் காக்கவும் உதவுகிறது என்பதால் அங்கே மாற்றம் மெதுவாக நடக்கிறது. ஆனால் உணவுக் குழாய்க்குப் பாலியூரித்தேனும் சிலிகானும் இருக்கின்றன. அவை விறைப்பதில்லை, அதிக நாள் தாங்கும், விலைதான் கூடுதல். பிவிசியிலேயே வேறு நெகிழ்வூட்டிகளும் வந்துவிட்டன. அவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல் சோதித்தே ஏற்க வேண்டும்.

இங்கே யாருடைய கையில் முடிவு இருக்கிறது? வார்டு வாசலில் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாயின் கையில் இல்லை. இரவுப் பணியில் பல குழந்தைகளைப் பார்க்கும் செவிலியர் கையிலும் இல்லை. 1994ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தையும் பொருள்களையும் மொத்தமாக வாங்குகிறது. மருந்து கொள்முதலில் மற்ற மாநிலங்கள் பார்த்துப் பழகிய அமைப்பு அது. பச்சிளங்குழந்தைக் குழாய்க்கான ஒப்பந்தப் புள்ளியில் ‘டிஇஎச்பி இல்லாதது’ என்று ஒரு வரி சேர்ந்தால், விருத்தாசலம் முதல் வால்பாறை வரை ஒரே நாளில் பாத்திரம் மாறும்.

இப்படிப்பட்ட வரிகள் தாமாக எழுதப்படுவதில்லை. 1992ல் குழந்தைப் பால்மாவு, பால்புட்டி விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் வந்ததற்குப் பின்னால் நுகர்வோர் அமைப்புகளும் தாய்ப்பாலுக்காகக் குரல் கொடுத்த மருத்துவர்களும் பெண்களும் இருந்தார்கள். 1989ல் மும்பை சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியதும், வார்டில் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு எதைக் கொடுக்கிறோம் என்று கேட்டதன் விளைவுதான். இன்று அந்த வங்கிப் பால், குறைமாதக் குழந்தைக்குப் போவது பெரும்பாலும் ஒரு குழாய் வழியாக. பாலைச் சோதிக்கிறோம், கொடுத்த தாயைச் சோதிக்கிறோம். குழாயையும் சோதிக்கச் சொல்வது மிகையான கோரிக்கை அல்ல.

செவிலியர் படிப்பில் இருக்கும் மாணவிகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். உறையின்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். தாலேட் உண்டா இல்லையா என்று குறித்திருந்தால் எழுதிவையுங்கள். குறிக்கவில்லை என்றால் அதையும் எழுதிவையுங்கள். எத்தனை நாளில் குழாய் விறைத்தது என்று தேதி போடுங்கள். பித்தளைப் பாத்திரத்தில் பால் காய்ச்சியவளிடம் ‘எந்தப் பாத்திரத்தில் வைத்தாய் அம்மா?’ என்று ஒருவர் கேட்பதற்கு நூறாண்டு ஆனது. பாத்திரத்தைத் தொடுகிறவர்கள் நீங்கள். கேட்கப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.